இரண்டு பேரும் எழுந்துவிட்டால்

கேரம் ஆட உனக்கு எப்படி நேரம் கிடைக்கிறது என்று என்னிடம் கேட்காத ஆளே எம்.கே.பி. நகரில் இல்லை. கேட்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். எங்கள் கேரம் மன்றத்தில் காலையிலிருந்து லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு ஆடுகிற ஆம்பளைகளிடம் ஒருத்தராவது இதைக் கேட்டிருப்பார்களா? எனக்கு நேரத்தை யாரும் தட்டில் வைத்துக் கொடுக்கவில்லை, சாமி. சோறு வேகிற நேரத்தில் நானே எடுத்துக்கொண்டேன்.

உண்மையிலேயே அப்படித்தான். குக்கரை அடுப்பில் ஏற்றிவிட்டு, பீரோவுக்குப் பின்னாலிருந்து போர்டை இழுத்துத் தரையில் போடுவேன். ஒரு கண் காய் மேலே, ஒரு காது விசில் மேலே. தைக்க வந்த ஜாக்கெட் துணிகள் ஒரு பக்கம் குவிந்து கிடக்கும். நானே வெள்ளை, நானே கருப்பு. விசில் வந்ததும் எழுந்து போய் அடுப்பை அணைத்துவிட்டு, திரும்பி வந்து எதிராளியின் இடத்தில் உட்காருவேன். எத்தனை நாள் பருப்பு அடிப்பிடித்திருக்கிறது என்று கேட்காதீர்கள்.

அந்த போர்டு என் வீட்டுக்காரர் வாங்கித் தந்தது. துறைமுகத்துக்குக் கன்டெய்னர் ஏற்றிப்போகும் டிரெய்லர் ஓட்டுகிறார். எண்ணூர் ரோட்டில் வண்டி வரிசையில் மாட்டினால் எப்போது வீடு திரும்புவார் என்று அவருக்கே தெரியாது. கல்யாணமான புதிதில் ஒரு பொங்கலுக்கு, புடவை என்ன கலரில் வேண்டும் என்று கேட்டார். புடவை வேண்டாம், கேரம் போர்டு வேண்டும் என்றேன். மனுஷன் சிரிக்கவில்லை. மறுநாளே வாங்கி, தலையில் வைத்து மூன்றாவது மாடிக்குத் தூக்கி வந்தார். இன்றைக்கு நினைத்தாலும் எனக்கு மனசு நிறைந்துபோகும்.

அவர் சிரிக்காததற்குக் காரணம் உண்டு. கல்யாணத்துக்கு முன்னால் என்னை மாவட்ட அணிக்கு எடுத்திருந்தார்கள், அது அவருக்குத் தெரியும். அதே வாரம் கல்யாணம் நிச்சயமானது. கல்யாணத்துக்கு அப்புறம் ஆடிக்கலாம் என்று அப்பா சொன்னார். அப்புறம் என்ன, இட்லி மாவும் பிள்ளைப் பேறும் தண்ணீர்க் குடமும்தான். யாரும் என்னை ஆடாதே என்று சொல்லவில்லை. ஆடப் போ என்று சொல்ல யாருக்கும் தோன்றவில்லை, அவ்வளவுதான்.

போன கோடையில் எங்கள் மன்றத்தில் முதல்முறையாகப் பெண்களுக்கென்று ஒரு போட்டி வைத்தார்கள். ஜெயிக்கிற ஒருத்தருக்கு மாவட்ட அணியில் இடம். நோட்டீஸை நின்று இரண்டு தடவை படித்தேன். என் வயதுக்கு இன்னொரு தடவை இப்படி வராது என்று எனக்கு நன்றாகத் தெரியும். ஒரே மாதத்தில் எங்கள் வீட்டில் குழம்பே மறந்துபோய், தினமும் ரசமும் அப்பளமும் என்று ஆனது. என் மகள், "அம்மா, நீ சீக்கிரம் ஜெயிச்சிரு, நாக்கு செத்துப்போச்சு" என்றாள்.

கடைசி ஆட்டம் ஒரு ஞாயிற்றுக்கிழமை. எதிரே உட்கார்ந்தவள் பக்கத்து பிளாக்கின் கீழ்வீட்டுப் பெண். என்னைவிடப் பத்து வயது சின்னவள். மணலி பக்கம் ஒரு கம்பெனி கேன்டீனில் வேலை, இரண்டு சின்னப் பிள்ளைகள், மாதவரத்தில் லாரி ரிப்பேர் பார்க்கிற புருஷன். சாப்பாட்டு இடைவேளையில் கம்பெனி ஆட்களோடு ஆடியே கையைத் தீட்டி வைத்திருந்தாள். ஆளுக்கு ஓர் ஆட்டம் ஜெயித்திருந்தோம். மூன்றாவது ஆட்டத்திலும் புள்ளி ஏறக்குறைய சமம். இந்த போர்டை, அதாவது இந்தச் சுற்றை, யார் எடுக்கிறாளோ அவளுக்குத்தான் இடம் என்கிற கட்டத்தில், சிவப்புக் காய் இன்னும் நடுவிலேயே இருக்க, என் முறை வந்தது.

அப்போதுதான் தண்ணீர் லாரி ஹாரன் அடித்தது.

தெருவில் குழாய் பதிக்கத் தோண்டிப் போட்டதிலிருந்து எங்களுக்கு லாரித் தண்ணீர்தான். லாரி எப்போது வரும் என்று கடவுளுக்கே தெரியாது. முந்தின நாள் வரவும் இல்லை. என் வீட்டில் டிரம் காலி, அரிசி கழுவக்கூடத் தண்ணீர் இல்லை. வீட்டுக்காரர் எண்ணூர் வரிசையில், மகள் கோச்சிங் வகுப்பில். எங்கள் தெருவில் குடத்தை வரிசையில் வைத்துவிட்டுப் போகலாம், நானும் வைத்திருந்தேன். ஆனால் முறை வரும்போது ஆள் இல்லாவிட்டால் குடத்தைத் தூக்கி ஓரமாக வைத்துவிடுவார்கள். இந்தச் சட்டத்துக்காக அதிகமாகச் சண்டை போட்டவள் நான்தான்.

நான் ஸ்ட்ரைக்கரைப் பிடித்தபடியே அவளைப் பார்த்தேன். அவளும் வாசலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் குடமும் அந்த வரிசையில்தான் இருந்தது. புருஷன் வேலைக்குப் போயிருந்தான், பிள்ளைகளை அவள் அம்மா வைத்திருந்தார். அந்த அம்மாவால் குடம் தூக்க முடியாது.

நடுவராக இருந்தவர் துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ஓய்வு பெற்றவர். எல்லோருக்கும் அவர் நைனா. ரொம்பக் கறாரான மனுஷர். ஆட்டத்தின் நடுவில் ஒருத்தர் எழுந்து போனால் அடுத்தவர் ஜெயித்ததாக அர்த்தம் என்று காலையிலேயே சொல்லியிருந்தார். எனக்கு வந்ததே கோபம். யார் மேல் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. லாரிக்காரன் மேல், தோண்டினவன் மேல், இத்தனை வருஷத்துக்கு அப்புறமும் என் ஆட்டத்துக்கு நடுவில் வந்து நிற்கிற அந்தக் குடத்தின் மேல்.

"நைனா, ஒருத்தர் எழுந்து போனாத்தானே தோல்வி? ரெண்டு பேரும் எழுந்துட்டா?" என்று கேட்டேன்.

அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். இப்படி ஒரு கேள்வி அவர் காதில் அதுவரை விழுந்ததில்லை போல. அவர் வாயைத் திறப்பதற்குள் அவள் எழுந்துவிட்டாள். நானும் எழுந்தேன். நைனா தன் நாற்காலியைப் போர்டுக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டு, காயில் எவன் கை வைத்தாலும் கையை ஒடித்துவிடுவேன் என்று மன்றத்துப் பையன்களை மிரட்டியது எங்கள் முதுகுக்குப் பின்னால் கேட்டது.

இரண்டு பேருமாகச் சேர்ந்து பிடித்தோம். முதலில் அவள் வீடு. கீழ்வீடுதானே, நாலு எட்டில் வேலை முடிந்தது. இனி நீ இங்கேயே உட்கார், என் குடங்களை நான் ஏற்றிவிட்டு வருகிறேன் என்று சொன்னேன். அவள் காதிலேயே வாங்கவில்லை. என் குடத்தை இடுப்பில் தூக்கி வைத்துக்கொண்டு, எனக்கு முன்னால் படி ஏற ஆரம்பித்தாள். மூன்று மாடி. ஒரு நடை, இன்னொரு நடை, மறுபடியும். குடத்தின் கழுத்து விரலை அறுத்தது. கேரம் ஆடுகிறவளுக்கு விரல்தான் எல்லாம். ஸ்ட்ரைக்கர் பிடிக்கிற கையில் இப்படிப் பாரம் தூக்கினால் அரை மணி நேரத்துக்கு நடுக்கம் போகாது. அது எனக்குத் தெரியும், அவளுக்கும் தெரியும்.

கடைசிக் குடத்தை டிரம்மில் ஊற்றும்போது கேட்டேவிட்டேன், உனக்கு என்னடி வந்தது, கீழேயே உட்கார்ந்து கையை ஆற வைத்திருக்கலாமே என்று.

மூச்சு வாங்கிக்கொண்டே சொன்னாள்: "ஒன் கை மட்டும் நடுங்கினா அது இன்னாக்கா ஆட்டம்?"

அவள் கையைத் துடைத்துக்கொள்ள என் முந்தானையை நீட்டினேன்.

மன்றத்துக்குத் திரும்பினோம். காய்கள் வைத்த இடத்திலேயே இருந்தன. நைனா அவர் பங்குக்குப் புதிதாகப் பவுடர்கூடப் போடவில்லை, போட்டால் காய் அசைந்துவிடும் என்று. நான் சிவப்பைப் போட்டேன். அடுத்து ஃபாலோ போட வேண்டும், கூடவே என் காய் ஒன்றும் விழுந்தால்தான் சிவப்பு எனக்கு. கைக்கெட்டும் காய்தான், தூக்கத்தில்கூடப் போடுவேன். விரல் நடுங்கியது. காய் குழியின் உதட்டில் நின்றுவிட்டது. சிவப்பு மறுபடி நடுவுக்கு வந்தது. அவள் விரலும் நடுங்கியது, நான் பார்த்துக்கொண்டேதான் இருந்தேன். ஆனாலும் சிவப்பையும் போட்டாள், ஃபாலோவும் போட்டாள். அப்படியே தட்டித் தட்டி போர்டை முடித்துவிட்டாள்.

வயிறு எரிந்தது, பொய் சொல்ல மாட்டேன். வீட்டுக்கு வந்து, டிரம் நிறைய இருந்த தண்ணீரைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்து அழுதேன். ராத்திரி வீட்டுக்காரர் போன் செய்தபோது தோற்றுவிட்டேன் என்றேன். சரி, நாளைக்கு யாரோடு ஆடப்போகிறாய் என்று கேட்டார். அந்த மனுஷனுக்கு என்னைத் தெரியும்.

நாளைக்கு யாரோடு என்பதற்கு அப்புறம் பதில் கிடைத்தது. அவளே ஒரு சாயங்காலம் கேன்டீன் வேலை முடிந்து, கையில் கொஞ்சம் மிக்சரோடு, நேரே என் வீட்டுக்கு ஏறி வந்தாள். அன்றிலிருந்து என் எதிரே உட்கார ஓர் ஆள் உண்டு. ஒருத்தி ஆடும்போது மற்றவள் வெங்காயம் உரிக்கிறாள். சோறு குழைகிறது, ஜாக்கெட் தாமதமாகிறது, யாரும் சாகவில்லை. இத்தனை வருஷம் நான் ஒண்டியாக இரண்டு பக்கமும் ஆடிக்கொண்டிருந்தேன். இந்தப் பெண்ணை எனக்குக் கொடுத்த அந்தத் தோல்வியை நான் எந்தக் கோப்பைக்கும் மாற்றிக்கொள்ள மாட்டேன்.

அவள் மாவட்ட அணிக்காக முதல்முதலில் ஆடப் போன ஞாயிற்றுக்கிழமையும் பார்த்து லாரி வந்து தொலைத்தது. என் குடங்களுக்குப் பக்கத்தில் அவள் குடங்களையும் வைத்துக்கொண்டு நின்றேன். பின்னால் நின்றவள் விடுவாளா? "இந்தக் கொடத்துக்கு ஆள் எங்க? ஓரமா எடுத்து வை" என்றாள். நியாயம்தான், நான் போட்ட சட்டம்தான்.

"அது ஆடப் போய்க்கீது," என்றேன். "இதுக்கு ஆள் நான்தான்."