பொம்மைப்படத்துச் சித்தி

வாடகைக்கு எடுத்த வீடியோ கேசட்டின் அட்டையில் ஒரு பெண் இருந்தாள். ஒடுங்கிய முகம், மேலே ஏறிய புருவம், நீண்ட நகங்கள். அந்தப் பொம்மைப்படத்தில் அவள்தான் சித்தி. அப்பா மறுமணம் செய்துகொண்டு வந்த மாதத்தில்தான் அந்தக் கேசட்டும் எங்கள் பீளமேட்டு வீட்டுக்கு வந்தது. எனக்கு ஒன்பது வயது. அம்மா இறந்து இரண்டு வருடம் ஆகியிருந்தது.

அதற்கு முன் நான் பார்த்த பொம்மைப்படங்களிலும் பெற்றவள் முதல் பாட்டு முடிவதற்குள் இறந்துபோவாள். பிறகு வருகிறவளின் சிரிப்புக்குள் ஏதோ இருக்கும். என் சித்தியும் சிரித்தார். சென்னிமலைக்காரர், சாந்தமான குரல். அந்தக் குரலே எனக்குச் சந்தேகமாக இருந்தது. அம்மாவின் புடவைகள் இருந்த பீரோவை ஏன் பூட்டி வைக்கிறார்? எனக்குத் தலை வாரும்போது ஏன் இவ்வளவு மெதுவாக வாருகிறார்? காலையில் அவர் தந்த பாலைச் சன்னல் வழியே கொய்யா மரத்தடியில் ஊற்றிவிட்டு வெறும் வயிற்றோடு பள்ளிக்கூடம் போனேன். ஒரு திங்கட்கிழமை பிரேயரில் மயங்கி விழுந்தேன்.

அடுத்த ஞாயிறு சித்தி என் பக்கத்தில் உட்கார்ந்து அந்தப் படத்தைப் பார்த்தார். ஆங்கிலம் அவருக்குப் புரியாது.

“ஏங்கண்ணு, அந்தப் பொம்பள டம்ளர்ல என்ன கலக்கறா?”

“வெஷம். அவதான் சித்தி.”

“கடைசில அவளுக்கு என்னாகுது?”

“கெணத்துல உழுந்து செத்துப்போயிருவா. எல்லாரும் பாட்டுப் பாடுவாங்க” என்றேன், அவர் முகத்தையே பார்த்தபடி. அவருக்கு மரியாதையாக ஒரு ‘ங்க’ கூடப் போடவில்லை.

மறுநாள் காலை சித்தி பால் டம்ளரோடு வந்து என் எதிரே நின்றார். அண்ணாந்து ஒரு வாய் குடித்துவிட்டு என்னிடம் நீட்டினார். அன்றிலிருந்து தினமும் அப்படித்தான். பால் உள்ளே இறங்குகிறதா என்று அவர் தொண்டையைப் பார்த்த பிறகே நான் வாங்குவேன்.

இப்போது என் மகளோடு பொம்மைப்படம் பார்க்கும்போதும் சந்தேகம் போகவில்லை, இடம்தான் மாறியிருக்கிறது. இந்த அம்மாவை இத்தனை சீக்கிரம் சாகடித்தது யார்? அந்தப் புருவத்தை அவ்வளவு மேலே ஏற்றி வரைந்தது யார்?

நான் ஏழாம் வகுப்புப் படிக்கும்போது ஒரு காலை, பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. சித்தி டம்ளரைத் தூக்கி வாயில் ஊற்றுவதற்குள் நான் பிடுங்கிக் குடித்துவிட்டேன்.

“இரு கண்ணு, நா இன்னும் குடிக்கலியே!”

“பரவால்லீங்க சித்தி.”

படியிறங்கித் திரும்பிப் பார்த்தேன். வெறும் கையைத் தூக்கியபடியே நின்றிருந்தார்.