கொப்பரைக்காரி வெர்னா

பழைய பேட்டரிகளை உடைத்து ஈயம் உருக்கும் அந்த அமெரிக்க மிசௌரி மாநில ஆலையில் வெர்னா பொலிட்டுக்குப் பத்தொன்பது வருட வேலை. உலையிலிருந்து வரும் ஈயம் அவளுடைய கொப்பரையில்தான் சுத்தமாகும். மேலே மிதக்கும் கசட்டை வழித்துவிட்டு, ஈயத்தின் நிறத்தைப் பார்த்தே செம்பு இன்னும் போகவில்லை என்பாள். சோதனைக்கூடம் அரை மணி கழித்து அதையே சொல்லும்.

வேலையை விடவும் அவள் பேர் போனது கண்டிப்புக்கு. கை கழுவாமல் சாப்பாட்டு அறைக்கு வருகிறவனை வாசலோடு திருப்பி அனுப்புவாள். தாடி இருந்தால் முகமூடி முகத்தோடு ஒட்டாது என்று, அவளுக்கு அடுத்த நிலையில் இருந்த பாய்ட் கோல்வர்டை ஒருநாள் பாதி வேலையில் சவரத்துக்கு விரட்டினாள்.

அப்படிப்பட்டவளின் இரத்தத்தில்தான் அந்த ஏப்ரலில் ஈயம் ஏறியிருந்தது. ஆலை வைத்த எல்லை டெசிலிட்டருக்கு முப்பது மைக்ரோகிராம், அவளுக்கு முப்பத்தாறு. விதிப்படி அவளை வாசல் அறையில் லாரிகளுக்குச் சீட்டு எழுத உட்கார வைத்தார்கள். சம்பளம் குறையவில்லை. மாதாந்தரச் சோதனையில் அடுத்தடுத்து இரண்டு முறை எல்லைக்குள் வந்தால் திரும்பலாம். ஜூலை முடிவதற்குள் வராவிட்டால், அதுவரை அவள் இடத்தில் நிற்கும் பாய்டுக்கே கொப்பரை.

"என்ன வெர்னா, சீட்ட தொட்டுட்டு கைய கழுவுனியா?" என்று பாய்ட் தினமும் ஜன்னலில் எட்டிப் பார்த்துக் கேட்டுவிட்டுப் போனான்.

மே மாதம் முப்பத்தேழு. ஈயத்தின் பக்கமே போகாமல் எப்படிக் கூடும்? கிணற்றுத் தண்ணீரைச் சந்தேகப்பட்டாள். துணி துவைக்கும் இயந்திரத்தை இரண்டு முறை கழுவினாள். கடைசியில் தன்னையே சந்தேகப்பட்டாள்: இத்தனை வருடக் கண்டிப்பும் ஊரை அதட்டத்தானா?

ஆலை நர்ஸ் லொரீனா, வீட்டில் அவள் என்னென்ன செய்வாள் என்று ஒவ்வொன்றாக விசாரித்தாள். குளிப்பது, சமைப்பது, மார்ச்சிலிருந்து தினமும் சாயங்காலம் ஆற்றில் மீன் பிடிப்பது. மீன் பிடிப்பதை நடித்துக் காட்டச் சொன்னாள். வெர்னா நூலில் முள்ளைக் கட்டுவதுபோல் காட்டினாள். பிறகு எதையோ நூலில் கோத்து, வாய்க்குக் கொண்டுபோனவள், அப்படியே நின்றுவிட்டாள்.

"இப்ப வாயில என்ன வச்ச?"

"குண்டு."

"என்ன குண்டு?"

"ஈயக் குண்டு. நூல் முங்கணும்ல. பல்லால கடிச்சாத்தான் இறுகும்." கன்னத்தைத் தொட்டுக் காட்டி, "கைக்கு வாட்டமா நாலஞ்ச கன்னத்துல அடக்கிக்கிறதும் உண்டு" என்றாள்.

லொரீனா மேசையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு சிரித்தாள். வெர்னாவுக்கு முதலில் முகம் சிவந்தது. பிறகு அவளும் சிரித்தாள். அந்த ஊரில் நடக்கத் தெரிந்த நாள் முதல் எல்லோரும் செய்வதுதான். ஆலையில் கிடப்பதுதான் ஈயம், ஆற்றில் கிடப்பது தூண்டில் குண்டு என்று மனசு எப்போதோ பிரித்து வைத்துவிட்டது.

அன்றே ஈயம் கலக்காத வெள்ளீயக் குண்டுகள் வாங்கினாள். அதையும் குறடால்தான் இறுக்கினாள். ஜூனில் இருபத்தொன்பது, ஜூலையில் இருபத்துமூன்று.

திரும்பிய அன்று காலைக் கூட்டத்தில், யாரும் கேட்காமலே, எழுந்து எல்லாவற்றையும் சொன்னாள். இனி யாராவது தன் பேச்சைக் கேட்பார்களா என்ற பயம் இருந்தது. ஆனாலும் கன்னத்தில் அடக்கியதைக்கூட விடவில்லை. அறையே சிரித்தது. பாய்ட் மட்டும் சிரிக்கவில்லை. கூட்டம் கலைந்ததும் பக்கத்தில் வந்தான்.

"நர்ஸம்மா எத்தன மணி வரைக்கும் இருப்பாங்க?"

"மூணு மணி" என்றாள் வெர்னா, கையுறையை மாட்டிக்கொண்டே. "கசடு வழிக்கிற கரண்டிய குடுத்துட்டுப் போ."