மூன்றாவது கம்பிக்கு மட்டும் பச்சை வரவில்லை

குளிர்கிடங்கில் அவளை எல்லோரும் ஸ்பேனர் என்றுதான் கூப்பிட்டார்கள். ஆரம்பித்துவைத்தவர் கணக்கர். "பொம்பளை கைல ஸ்பேனர் நிக்குமா?" என்று அவள் வேலைக்குச் சேர்ந்த அன்றே கேட்டவர், நிற்கிறது என்று தெரிந்ததும் அதையே பெயராக்கிவிட்டார். மூன்று குளிர் அறைகளுக்கும் அவள்தான் மெக்கானிக். குடும்பத்தில் முதன்முதலாகப் படித்துப் பட்டம் வாங்கியவள். எங்கே எது பிசகினாலும் தப்பு தன்னிடம்தான் என்று முதலில் நினைத்துக்கொள்ளும் பழக்கம் மட்டும் பட்டம் வாங்கியும் போகவில்லை.

கம்பெனியின் ஆண்டு விழா மேடையில் ஐந்து வருடமாக அவள் ஏறிக்கொண்டுதான் இருக்கிறாள், மின்விசிறி ஓடாதபோது. இந்த வருடம் கிட்டாரோடு ஏற வேண்டும் என்று ஆசை. அதற்காகவே இரண்டு வருடம் போனில் வீடியோ பார்த்து, விரல் நுனியெல்லாம் காய்த்துப்போகப் பழகியிருந்தாள். ஆனால் கீபோர்டும் பாட்டுக் குழுவும் கணக்கர் கையில். கிட்டாருக்குத் தன் மச்சினன் என்று அவர் எப்போதோ முடிவு கட்டிவிட்டார்.

இருந்தும் பொட்டலம் கட்டும் அறையில் நடந்த முதல் ஒத்திகைக்கு அவளும் போனாள். வீட்டில் சுருதி சேர்த்துக்கொண்டு வந்த கிட்டாரை அவள் இன்னொரு முறை சரிபார்த்தாள். போனில் சுருதி காட்டும் ஆப்பைத் திறந்து, இரும்பு மேசைமேல் வைத்து, ஒவ்வொரு கம்பியாகத் தட்டினாள். ஐந்துக்குச் சுருதி சரி என்று பச்சை வந்தது. மூன்றாவது கம்பிக்கு மட்டும் முள் வலப்பக்கம் சாய்ந்து, 'அதிகம்' என்று காட்டியது. குளிரில் கம்பி இறுகியிருக்கும் என்று நினைத்துத் தளர்த்தினாள். இன்னும் தளர்த்தினாள். பாட்டு தொடங்கியதும் கணக்கர் காதைப் பொத்திக்கொண்டார்.

"ஏம்மா, இது கிட்டாரா, தகர டப்பாவா?"

"ஆப்ல பாத்துத்தான் சார் வெச்சேன்."

"இலவசமா கிடைக்கிற ஆப் எல்லாம் அப்படித்தான். நான் வெச்சிருக்கிறத போடு. அதுலயும் வரலைன்னா கோளாறு உன் காதுலதான்."

மச்சினன் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தான். வியாழக்கிழமை இருவருக்கும் போட்டி என்று கணக்கர் அறிவித்தார். எல்லாக் கம்பியையும் தளர்த்திவிட்டு, அவருடைய ஆப்பைப் போட்டு, போன் எல்லார் கண்ணுக்கும் தெரிகிற மாதிரி மேசைமேலேயே இருக்க, இந்த அறையில் சுருதி சேர்க்க வேண்டும். கீபோர்டோடு ஒத்துப்போகிறவருக்குச் சனிக்கிழமை மேடை.

மறுநாள் சாப்பாட்டு நேரத்தில் அவள் நான்கு ஆப்களோடு அதே அறைக்கு வந்தாள். ஒன்று கம்பிக்கு ஒரு விளம்பரம் காட்டியது. ஒன்று அவள் பிறந்த தேதியைக் கேட்டது. மூன்றாவதன் எழுத்து பூச்சி மாதிரி இருந்தது. நான்காவது கணக்கர் சொன்னது. மூன்றாவது கம்பிக்கு நான்கும் ஒரே குரலில் 'அதிகம்' என்றன. நான்கும் சேர்ந்தா பொய் சொல்லும்? அப்படியென்றால் கோளாறு தன் காதில்தானா? இரண்டு வருடமும் வீணா? கிட்டாரை உறையில் திணிக்கக் குனிந்தவள், மேசையில் கிடந்த போனைப் பார்த்தாள். யாரும் கம்பியைத் தொடவில்லை. முள் மட்டும் அதே இடத்தில், வலப்பக்கம் சாய்ந்து, அசையாமல் நின்றுகொண்டிருந்தது.

போனைத் தூக்கினாள். முள் விழுந்தது. மேசைமேல் வைத்தாள். எழுந்தது.

சுவருக்கு அந்தப் பக்கம் கம்ப்ரஸர் ஓடிக்கொண்டிருந்தது. அதன் இரைச்சல் மூன்றாவது கம்பியின் சுரத்துக்கு ஒரு முடி மேலே இருந்தது. சுவரோடு ஒட்டிய மேசை அதைப் போனுக்கு ஓதிக்கொண்டிருந்தது. தினமும் அந்தக் கம்ப்ரஸர்மேல் உள்ளங்கையை வைத்து அதன் உடல்நிலை சொல்லுகிறவள், அது ஓடுகிற சத்தத்தைக் கேட்பதையே எப்போதோ நிறுத்தியிருந்தாள்.

வியாழக்கிழமை அவள் முறை முதலில் வந்தது. கம்பிகளைத் தளர்த்திவிட்டு, கைகளைக் கட்டிக்கொண்டு நின்றாள்.

"என்ன, நல்ல நேரம் பாக்கிறியா?"

"ரெண்டு நிமிஷம் சார்."

"மேடையிலயும் இப்படித்தான் நிப்பியா?"

சுவருக்கு அந்தப் பக்கத்துக் குளிர் அறை போதுமான அளவு குளிர்ந்தது. கம்ப்ரஸர் தானாக நின்றது. அது மறுபடி ஓட ஆறேழு நிமிடம் ஆகும். ஆறு கம்பிகளுக்கும் பச்சை வாங்க அவளுக்கு மூன்று போதுமாக இருந்தது. கணக்கர் கீபோர்டில் ஒவ்வொரு சுரமாக அழுத்தினார், இரண்டு முறை. குறை சொல்ல ஒன்றும் கிடைக்காததில் அவர் முகம் சுண்டியது.

"பாத்தியா, நல்ல ஆப்னா அதான். மாப்ள, நீ வா."

மச்சினன் போனில் வந்த செய்திக்குப் பதில் போட்டுவிட்டு, தலையைக் கோதிக்கொண்டு, சாவகாசமாகத் தொடங்கினான். அவன் மூன்றாவது கம்பிக்கு வந்தபோது சுவர் மெல்ல அதிர்ந்தது.

முள் 'அதிகம்' என்றது. தளர்த்தினான். போனைக் கையில் தூக்கிப் பார் என்று சொல்ல ஒரு மூச்சு போதும். சொல்லவா? ஐந்து வருடத்தில் தனக்கு யாராவது ஒரு மூச்சு செலவழித்தார்களா? வாயைத் திறக்கவில்லை. அவன் இன்னும் தளர்த்தினான்.

"நிறுத்துடா!" என்று கத்தினார் கணக்கர். "வீட்ல எப்படி வாசிக்கிற? உங்கக்கா பேச்சைக் கேட்டேன் பாரு, என்னைச் சொல்லணும்!"

"மாமா, ஆப்புதான் இப்படி..."

"அவளுக்கு வந்துச்சுல்ல?"

பிறகு அவள் முகத்தைப் பார்க்காமல், கீபோர்டின் வயரைச் சுருட்டியபடி, "சனிக்கிழமை நேரத்துக்கு வந்து சேரு" என்றார்.

படிக்கட்டில் மச்சினன் பின்னால் ஓடி வந்தான். காது மடல் இன்னும் சிவந்திருந்தது.

"அக்கா, நெசமாச் சொல்லுங்க. நீங்க வேற ஏதாவது ஆப் வெச்சிருந்தீங்களா?"

"இல்லையே," என்றாள். "உன்னோடது எதுவோ அதேதான்."