வாய் மூடிய விரிசல்

எங்கள் கப்பல் பட்டறையில் அவனுக்குப் பூதக்கண்ணாடி என்று பேர். விரிசல் பார்ப்பது வேலை. விரலெல்லாம் சிவப்புச் சாயம், வாயெல்லாம் தற்பெருமை. "இருபத்திரண்டு வருஷத்துல என் கண்ணுக்குத் தப்பின விரிசல் ஒண்ணு காட்டு, மீசைய எடுத்துடறேன்" என்பான்.

அலுமினியத்தைக் கடல் உப்பு அரிக்கும். அரித்த குழியில் பாரம் ஏறி இறங்க ஏறி இறங்க விரிசல் விடும், மயிரிழை அளவுக்கு. சாயத்தைத் தடவி ஊறவிட்டு, துடைத்து, வெள்ளைப் பொடி அடித்தால் உள்ளே போன சாயம் கசிந்து காட்டிக்கொடுக்கும். ஆனால் அதற்கு முன் உப்புத்தாள் மட்டும் போடவே கூடாது. அலுமினியம் மென்மையானது; தேய்த்தால் இழுபட்டு விரிசலின் வாயை அடைத்துவிடும். பிறகு அமிலத்தில் கழுவித் திறக்க ஒரு நாள் பிடிக்கும்.

அவன் தம்பிக்குக் கப்பலில் வேலை. உயிர்காப்புப் படகைக் கடலில் இறக்கும் அலுமினியத் தூக்குக்கை அவன் பொறுப்பு. ஒத்திகையில் படகுக்குள் உட்கார்ந்து இறங்குகிறவனும் அவனே. அந்தத் தூக்குக்கையைச் சோதனைக்காகக் கழற்றி, தம்பியே பட்டறைக்குக் கொண்டுவந்தான். நான் பக்கத்தில் வெல்டிங் வைத்துக்கொண்டிருந்தேன்.

"டேய், அசிங்கமா கிடக்கு. நாளைக்கு முதலாளி வர்றாரு. தேச்சுப் பளபளன்னு வை" என்றான் பூதக்கண்ணாடி.

"தேய்க்கலாமாண்ணே?"

"எனக்கே பாடம் எடுக்குறியா? செய்டா."

பாவம், தம்பி அதைத் தேய்த்துக் கண்ணாடி மாதிரி வைத்தான். மறுநாள் முதலாளி முன்னால் சாயம், பொடி எல்லாம் ஆயிற்று. ஒரு சிவப்புப் புள்ளி இல்லை. நான் காதருகே போய், "அமிலத்துல கழுவிட்டுப் பாருய்யா. உன் தம்பி ஏறுற படகு" என்றேன். "நீ உன் வேலைய பாரு" என்று சிரித்துக்கொண்டே கையெழுத்துப் போட்டான்.

ஒன்பதாம் நாள் ஒத்திகையில் தூக்குக்கை முறிந்தது. படகு பாதி உயரத்திலிருந்து குப்புற விழுந்தது. தம்பியைப் பிணமாகத்தான் எடுத்தார்கள். முறிந்த இடத்தை நான் பார்த்தேன். முக்கால்வாசி கறுத்துக் கிடந்தது, மாதக்கணக்கில் வளர்ந்த விரிசல்.

விசாரணைக்கு அண்ணன்காரன் எழுதிக் கொடுத்தான்: "விதியை மீறித் தேய்த்தவர் கப்பல் பணியாளர். எனக்குத் தெரிவிக்கவில்லை." அடப்பாவி! செத்தவன் வந்து மறுக்கப் போகிறானா? சட்டையைப் பிடித்து நாலு அறை விட வேண்டும்போல் எனக்கு இருந்தது.

தம்பியின் மனைவி அந்தக் காகிதத்தோடு பட்டறைக்கு வந்தாள். மூத்தவன் அங்கேதான் நின்றான். அவனைத் தாண்டி நேராக என்னிடம் வந்தாள்.

"அண்ணே, மூத்தவர் தேய்க்கச் சொன்னாருன்னு அன்னைக்கே அவரு என்கிட்ட சொன்னாரு. நீங்களும் கேட்டீங்களாம். விசாரணையில அந்த ஒரு வார்த்தைய சொல்லுங்கண்ணே. அப்பா தன் சாவுக்குத் தானே காரணம்னு பிள்ளைங்க படிக்கக் கூடாது."

பூதக்கண்ணாடி தலையைத் தூக்கவில்லை. நான் காலையில் முடித்த வெல்டிங்கின் மேல் குனிந்து சாயம் தடவிக்கொண்டிருந்தான். அவன் சரி என்றால்தான் என் வேலை தேறும். மூன்று வெல்டிங் தேறாவிட்டால் வாசலைக் காட்டிவிடுவார்கள்.

"மெஷின் சத்தத்துல எனக்கு ஒண்ணும் காதுல விழலம்மா" என்றேன்.