கலியாண வீட்டுக்குச் சொல்லாத செய்தி

குகதாசன், ஜெர்மன் மொழி பேசும் ஆரா நகரில் ஒரு முதியோர் இல்லத்தின் சமையற்கூடத்தில் இருபத்திரண்டு ஆண்டுகள் பணியாற்றியவர். அத்தனை ஆண்டுகளும் ஒரே மேசையில் அவருடன் மரக்கறி வெட்டியவர் கொசோவோக்காரரான பெசிம். ஒன்பது ஆண்டுகளுக்கு முன் ஓய்வுபெற்றுத் தம் ஊராகிய பிரிஸ்ரெனுக்குத் திரும்பிய பெசிம், மகளின் திருமணத்துக்குக் குகதாசனை அழைத்திருந்தார். விமானச் சீட்டும் எடுத்தாயிற்று. புறப்பட ஆறு நாள் இருக்கையில், யாழ்ப்பாணத்தில் குகதாசனின் தாயார் காலமானார்.

சாவுத் தீட்டான துடக்கு உள்ளவர் மங்கல வீட்டை மிதிப்பதில்லை; கலியாண வீட்டுக்குச் சாவுச் செய்தி சொல்வதுமில்லை. குகதாசன் போகவுமில்லை, சொல்லவுமில்லை. பெசிமின் அழைப்புகளையும் அவர் எடுக்கவில்லை. பிறகு விளக்கலாம் என்றிருந்தார். ஆண்டுகள் செல்லச் செல்ல அது மேலும் கடினமாயிற்று.

இவ்வாண்டு கோடையில், மனைவி ஜெயகௌரியின் நச்சரிப்பால் இருவரும் பிரிஸ்ரெனுக்குச் சென்றனர். ஒட்டோமான் ஆட்சியின் சாயல் அந்நகரில் இன்னும் கலையவில்லை: ஆற்றின்மேல் வளைந்த கற்பாலம், குவிமாடப் பள்ளிவாசல், வழவழத்த கல் பாவிய ஒழுங்கைகள். குகதாசன் எதையும் பார்க்கவில்லை.

"என்னப்பா, இப்பிடி வேர்க்குது? அந்தாள் என்ன, அடிக்கவே போகுது?"

"அடிச்சாலும் பரவாயில்லை."

சொல்லியனுப்பியபடி பாலத்தடிக் கோப்பிக்கடையில் காத்திருந்த பெசிம் எழுந்து கைகொடுத்தார்; முன்போல் கட்டியணைக்கவில்லை. குகதாசன் ஜெர்மன் மொழியில் எல்லாவற்றையும் சொல்லிமுடித்தார். பெசிம் சொன்ன மறுமொழியை, பின்னர் குகதாசன், ஊர்க்காரனான எனக்கு நம் பேச்சிலேயே சொல்லிக்காட்டினார்:

"நீ வந்து இருக்கவெண்டு ஒரு கதிரை விட்டு வைச்சிருந்தன். 'எங்கை உன்ர ஸ்ரீலங்காக்காரன்?' எண்டு மச்சான்மார் பகிடி பண்ணினவங்கள். அம்மா செத்ததெண்டு ஒரு சொல்லுச் சொல்லியிருந்தால், கலியாணம் முடிஞ்ச மறுநாளே ஆராவுக்கு வந்து உன்ர வீட்டிலை இருந்திருப்பனே! செத்த வீட்டுக்குப் போகாதவன் எங்களிலை மனிசனே இல்லை."

பெசிம் கோப்பிக் கோப்பையைத் தள்ளிவைத்து, "போன மார்கழியிலை என்ர மனிசி செத்துப்போனா. உனக்கு அறிவிக்கப் போனை எடுத்தனான். பிறகு வைச்சிட்டன்" என்றார்.

ஜெயகௌரி விம்மினார். ஆராவில் ஜெயகௌரி பிள்ளை பெற்றிருந்தபோது, பத்து நாள் கோழிச்சாறு காய்ச்சிக் கொண்டுவந்தவர் அந்த அம்மையார்.

"எங்கை அடக்கம் பண்ணியிருக்கு?" என்று குகதாசன் கேட்டார்.

"நாளைக்குக் கூட்டிக்கொண்டு போறன். இண்டைக்கு ஏலாது."

பெசிம் முகங்கொடுக்கமாட்டார் என்றெண்ணி, மறுநாள் விடியவே திரும்பச் சீட்டு எடுத்திருந்தார்கள். அதை விட்டுவிட்டு நின்றார்கள்.

மறுநாள் கல்லறையருகே பெசிம், குகதாசனின் தாயாரின் பெயரைக் கேட்டார். இருபத்திரண்டு ஆண்டுகளில் அவர் அதைக் கேட்டதுமில்லை, இவர் சொன்னதுமில்லை.

"தில்லைநாயகி" என்றார் குகதாசன். பெசிமும் அதைச் சொல்லிப்பார்க்க முயன்றதால், இரண்டாம் முறையும் சொல்லவேண்டியிருந்தது.