உச்சிப்புளியில் குளிர் தெரிந்தவர்

என் வீட்டுக்காரர் பெயர் ஹமீது சுல்தான். ஆனால் உச்சிப்புளிக் கடைத்தெருவில் ‘ஏசி சுல்தான்’ என்று கேட்டால்தான் வழி சொல்வார்கள். பத்தொன்பது வருஷம் துபாயில் இருந்தார். என்ன வேலை என்று யார் கேட்டாலும், “சூப்பர் மார்க்கெட்டு. ஏசியிலதான் வேலை. வேர்வைன்னா என்னன்னே மறந்துபோச்சு” என்பார். ராமநாதபுரம் வெயிலில் வெந்துகொண்டிருக்கிற ஜனங்கள் இப்படிப் பேசுகிற ஆளைச் சும்மா விடுவார்களா? பெயர் ஒட்டிக்கொண்டது. ஊரோடு வந்து மூன்று வருஷமாகிறது. இப்போது செருப்புக் கடை வைத்திருக்கிறார்.

நானும் அவரைச் சும்மா விட்டதில்லை. நான் பள்ளிக்கூட டீச்சர். காலையில் சமைத்து, மகள் யும்னாவைக் கிளப்பி, பஸ்ஸில் நசுங்கிப் போய், நாள் முழுக்கத் தொண்டை வறளக் கத்திவிட்டு வந்து போனை எடுத்தால், மனுஷர் நிதானமாக “எப்படி இருக்கே?” என்பார். “ஒங்களுக்கென்ன, ஏசியில இருக்கீக. நாங்கதான் இங்கன கருவாடாக் காயுறோம்” என்று எத்தனை தடவை சொல்லியிருப்பேன்! அவர் சிரிப்பார். அந்தச் சிரிப்பு எனக்கு இன்னும் எரிச்சலாக இருக்கும்.

லீவில் வந்தாலும் அவர் போக்கே தனி. சித்திரை மாதத்து மத்தியானத்தில் மொட்டை மாடிக்குப் போய் வெறும் உடம்போடு படுத்துக்கொள்வார். “கிறுக்குப் புடிச்சிருச்சா?” என்று கத்துவேன். இடது கையில் இரண்டு விரல் நுனி அவருக்கு மரத்துப்போயிருந்தது. சுடுகிற டீ கிளாஸைப் பிடித்துக்கொண்டே பேசுவார், விரல் சிவந்துபோனது தெரியாது. கடை ஷட்டர் விழுந்துவிட்டது என்று சொல்லியிருந்தார். நானும் நம்பினேன்.

பள்ளியில் சாரணியர் பிள்ளைகளுக்கு நான்தான் பொறுப்பு. இந்த ஜனவரியில் மணாலிப் பக்கம் ஐந்து நாள் பனி முகாமுக்கு எங்கள் பிள்ளைகள் நான்கு பேர் தேர்வானார்கள். கூட ஒரு டீச்சர் போயாக வேண்டும். என்னைத் தவிர வேறு யாரும் தோதுப்படவில்லை. நான் போகவில்லையென்றால் நான்கு பேர் பெயரையும் அடித்துவிடுவார்கள். அதில் கோகிலா என்று ஒரு பிள்ளை. முதுகுளத்தூர்ப் பக்கம் மிளகாய் போடுகிற வீடு, இங்கே சித்தி வீட்டில் தங்கிப் படிக்கிறாள். “பனி கையில ஒட்டுமா மிஸ்?” என்று தினமும் கேட்டுக்கொண்டிருந்தாள்.

எதற்கும் தலையாட்டுகிற மனுஷர் இதற்கு மட்டும், “போக வேணாம்” என்றார்.

“ஏன்?”

“அது குளிரு, காலிதா. ஒனக்குத் தெரியாது.”

“ஒங்களுக்குத் தெரியுமாக்கும்! நீங்க பத்தொன்பது வருஷம் போனீக. நான் அஞ்சு நாள் போகக் கூடாதா?”

அவர் கடைக்குப் போய்விட்டார். எனக்கு மனசு விட்டுப்போனது. ஒருநாளாவது நான் வெளியே கிளம்புவது இவருக்குப் பொறுக்கவில்லை, அவ்வளவுதான் என்று நினைத்தேன். இரண்டு நாள் சோறு போட்டேன், பேச்சுக் கொடுக்கவில்லை. என் பாட்டுக்குப் பையைக் கட்ட ஆரம்பித்தேன்.

வெள்ளிக்கிழமை ஜும்மா தொழுதுவிட்டு வந்தவர் வாசலில் நின்று என் பையைப் பார்த்தார். கொடைக்கானலுக்குப் போகிறவர்கள் வாங்குகிற தடி ஸ்வெட்டர் ஒன்று, குரங்குக் குல்லா, உள்ளே போட ஆறு பருத்தி பனியன், இறுக்கமான சாக்ஸ் மூன்று ஜோடி, தேங்காய் எண்ணெய், நார்த்தங்காய் ஊறுகாய். நடுவில் தைலம். உள்ளே வந்து பையைக் கட்டிலில் கவிழ்த்தார்.

“இப்ப என்ன?” என்று சண்டைக்கு எழுந்தேன்.

“போறதுன்னு முடிவு பண்ணிட்டே. ஒழுங்காக் கட்டிட்டுப் போ” என்று சொல்லிக் கீழே உட்கார்ந்துவிட்டார்.

முதலில் பருத்தி பனியன்களைத் தள்ளினார். “ஏறி நடக்கும்போது வேர்க்கும். பருத்தி நனைஞ்சா காயாது. நின்ன ஒடனே அந்த ஈரமே ஒன்னக் கொல்லும்.” உள்ளே உடம்போடு ஒட்டுகிற தெர்மல், அதன் மேல் லேசான கம்பளி இரண்டு, எல்லாவற்றுக்கும் மேலே காற்றுப் புகாத கோட்டு என்றார். தடியாக ஒன்று போடுவதைவிட லேசாக மூன்று போட வேண்டுமாம், வேர்த்தால் ஒன்றைக் கழற்றலாமே. சாக்ஸை இழுத்துப் பார்த்துத் தூர வைத்தார். இறுக்கிப் பிடித்தால் விரலுக்கு ரத்தம் போகாதாம். ஷூவும் ஒரு அளவு பெரிதாக வேண்டும் என்றார்.

“கையுறை ரெண்டு ஜோடி. ஒண்ணு பிளாஸ்டிக் கவர்ல போட்டு வச்சுக்க. நனைஞ்சா யாரு என்ன சொன்னாலும் நின்னு மாத்து. விரல் வலிச்சா பயப்படாதே. வலிச்சுக்கிட்டே இருந்தது சட்டுனு நின்னுபோச்சுன்னா, அப்பப் பயப்படு. எந்தப் பிள்ளையாச்சும் ‘இப்ப வலிக்கல மிஸ்’னு சொன்னா ஒடனே உள்ள கூட்டிட்டுப் போ. தேய்க்காதே. நெருப்புலயும் காட்டாதே.”

அவர் டார்ச்சை எடுத்துப் பேட்டரியைக் கழற்றினார்.

“இதையும் போனையும் உள்சட்டைக்குள்ள வச்சுக்க. குளிர்ல பேட்டரி நிக்காது. எங்க ஸ்கேனரே பத்து நிமிஷத்துல செத்துப்போகும். நாங்க நெஞ்சோட வச்சுத்தான் உசுரு குடுப்போம்.”

“சூப்பர் மார்க்கெட்டு ஸ்கேனரு எதுக்கு மச்சான் சாகுது?” என்றேன்.

அவர் கை அப்படியே நின்றது. பிறகு பேட்டரியைக் கட்டிலில் வைத்தார்.

“சூப்பர் மார்க்கெட்டு இல்ல. அதுக்குச் சரக்கு அனுப்புற குளிர்பதனக் கிடங்கு. ஒறைஞ்ச கோழி, மீனு, பெட்டி பெட்டியா. மைனஸ் இருபத்திரண்டு. அரை மணி நேரம் உள்ள, பத்து நிமிஷம் வெளிய. அப்புறம் திரும்ப உள்ள.”

“விரலு?”

“ஷட்டரு விழல. கையுறை நனைஞ்சு போச்சு. லாரி நிக்குதேன்னு மாத்தாம வேலை பார்த்துட்டேன்.”

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது என்பார்களே, அதை என்னிடமே இத்தனை வருஷம் செய்திருக்கிறார். பொய் சொன்ன வாய்க்குப் போஜனம் கிடைக்காது என்றும் சொல்வார்கள். அவர் சொன்ன பொய்யில்தான் நாங்கள் இங்கே மூன்று வேளையும் சாப்பிட்டோம், யும்னாவைப் படிக்க வைத்தோம். எனக்கு அவர் மேல் கோபம், என் மேல் அதைவிடக் கோபம். மொட்டை மாடியில் படுத்தவரை என்னென்ன பேசியிருக்கிறேன்!

“ஏன் மச்சான் எங்கிட்ட சொல்லல? ஒரு வார்த்தை சொல்லிருந்தா, வேலையும் வேணாம் ஒண்ணும் வேணாம், வந்துருங்கன்னு சொல்லிருப்பேனே!”

“அதான் சொல்லல” என்றார். “நீ வான்னு சொல்லிருப்பே. நானும் வந்துருப்பேன்.”

அவர் மடியில் கிடந்த கம்பளிச் சட்டையில் முகத்தை வைத்து அழுதேன். “ஏ புள்ள, ஈரமாகுது” என்றார், அதற்கும்.

அதன்பிறகு ஒரு வாரம் ஆன்லைனில் ஆர்டர் போட்டுக்கொண்டே இருந்தார். நான்கு பிள்ளைகளையும் பையோடு கடைக்கு வரச் சொல்லி, ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்த்துத் திருப்பிக் கட்டிக்கொடுத்தார். ஒவ்வொரு கழுத்திலும் ஒரு விசில் மாட்டினார். ஊதிப் பார்க்கச் சொன்னார். கடைத்தெருவே திரும்பிப் பார்த்தது.

முகாமில் முதல் நாள் காலை மைனஸ் எட்டு. கூடாரத்துக்கு வெளியே வந்ததும் மூச்சு உள்ளே போகவே மறுத்தது. அவர் சொன்ன வரிசையில்தான் எல்லாவற்றையும் போட்டிருந்தேன். ஆனாலும் கால் மணி நேரத்துக்கு மேல் நிற்க முடியவில்லை. இதைவிடப் பதினான்கு டிகிரி கீழே, ஒரு மனுஷர் பெட்டி தூக்கியிருக்கிறார். அப்போது போன் அடித்தது.

“எப்படி இருக்கே?”

எனக்குப் பல் தந்தியடித்துக்கொண்டிருந்தது. உள்ளதைச் சொன்னால் கடையைப் பூட்டிவிட்டு ரயிலேறினாலும் ஏறிவிடுவார்.

“நல்லா இருக்கேன் மச்சான். நம்மூரு மார்கழி மாதிரிதான் இருக்கு. குளிரே தெரியல.”

எவ்வளவு லேசாக வந்துவிட்டது அந்தப் பொய்!

“காலிதா, எங்கிட்டயேவா?” என்றார்.

நான் சிரித்தேன், அழவும் செய்தேன். கண்ணைத் துடைத்துக்கொண்டு, “குளிருது மச்சான். தாங்க முடியல” என்றேன். “நீங்க எப்படித் தாங்குனீக? மொத நாளு எப்படி இருந்துச்சு? சொல்லுங்க. நான் கேக்குறேன்.”

டீ குடிக்க வரச் சொல்லி கோகிலா கூப்பிட்டாள். ‘இரு’ என்று கையைக் காட்டிவிட்டு, கூடாரத்துக்குள் போய் உட்கார்ந்து போனைக் காதோடு அழுத்திக்கொண்டேன். அவர் ஒருமுறை தொண்டையைச் செருமிவிட்டுச் சொல்ல ஆரம்பித்தார்.