பாவு காயும் வரை தெரு மூடப்பட்டது

உங்கள் தெருவுக்குள் தண்ணீர் லாரி வரவில்லையென்றால் யாரைத் திட்டுவீர்கள்? நான் செல்போனைத் திட்டுகிறேன். புகாரை அதில்தான் கொடுக்க வேண்டுமாம். கொடுத்தேன். ‘தங்கள் புகார் பெறப்பட்டது’ என்று பதில் வந்தது. பெற்றவர் ஆணா, பெண்ணா, காலையில் காபி குடித்தாரா, ஒன்றும் தெரியவில்லை. ஆள் தெரியாமல் எப்படி ஆசைதீரத் திட்டுவது?

போன தடவை பிடித்து வைத்த குடத்தைத் திறந்தேன். குப்பென்று பிளீச்சிங் பவுடர் வாடை. எல்லோரும் மூக்கைப் பொத்துவார்கள். எனக்கு அது அப்பா வாடை.

எழுபதுகளில் அப்பா திருத்தணி டவுன் பஞ்சாயத்தின் நிர்வாக அதிகாரி. ஊர் வாயில் ‘ஈ.ஓ. சார்’. அதிகாரி என்றதும் சுழல் நாற்காலியும் மணியடித்தால் ஓடிவரும் ஆளும் உங்கள் கண்ணில் தெரிந்தால், அழித்துவிடுங்கள். எங்கள் அதிகாரி விடியும் முன்பே சைக்கிளில் கிளம்புவார். பெருக்குகிறவர்கள் வந்தார்களா, தொட்டியில் பவுடர் போட்டார்களா, எந்தக் கம்பத்தில் பல்பு போயிற்று, எந்தச் சாக்கடை அடைத்தது, எல்லாம் பார்த்துவிட்டுத்தான் ஆபீஸ். ஆடிக் கிருத்திகைக்குக் காவடிக் கூட்டம் ஏறினால் வீட்டுப் பக்கமே வரமாட்டார். கல்யாண வீட்டில் உட்கார்ந்தால் இலையில் சோறு விழும் முன் தெருவிளக்குப் புகார் விழும். மனுஷன் அதையும் கேட்டுக்கொண்டேதான் சாப்பிடுவார்.

இந்த வேலையில் இன்னொரு விசேஷம், மாற்றல். சாக்கடைமேல் கட்டிய கடையை இடி என்றால் மாற்றல். கடைக்காரர் யாருடைய மச்சான் என்று முதலிலேயே விசாரிக்கத் தெரியாத அதிகாரி எங்கள் அப்பா. அதனால் சாமான் கட்டும் கோணிகளை அம்மா எந்த ஊரிலும் தூக்கிப் போட்டதில்லை. ஒவ்வொரு பள்ளிக்கூடத்திலும் புதிதாக வந்த பெண்ணாக நின்று நின்று எனக்கு வாய் மட்டும் நன்றாக வளர்ந்தது.

அப்போது நான் மெட்ராஸில் பி.எஸ்சி. கடைசி வருஷம். தினமும் பாசஞ்சர் ரயில். ஹாஸ்டலுக்கு வசதியில்லை. அப்பாவை மாற்றினால் என் படிப்பு அம்போ. அம்மா தினமும் சோற்றோடு இதையும் பரிமாறினாள்:

“இந்த ஊர்ல மட்டும் வாய மூடிக்கினு இருங்க. பொண்ணு பரீட்சை எழுதட்டும். அப்புறம் யார்கிட்ட வேணா மோதுங்க.”

“ஆங், ஆங்” என்பார் அப்பா. அந்த ‘ஆங்’கை நாங்கள் இருவருமே நம்பியதில்லை.

ஸ்டேஷனுக்கு நான் நெசவாளர் தெரு வழியாகத்தான் போவேன். காலையில் அந்தத் தெரு தெருவாக இருக்காது. இந்த முனையிலிருந்து அந்த முனை வரை பாவு கட்டியிருக்கும். பாவு என்றால், அடுத்து நெய்யப்போகிற சேலைகளுக்கான மொத்த நெடுக்கு நூலும். அதற்குக் கஞ்சி போட்டு, இழுத்துக் கட்டிக் காயவைப்பார்கள். ஈரத்தோடு சுருட்டினால் நூலெல்லாம் ஒட்டிக்கொள்ளும். ஒரு குடும்பத்தின் அத்தனை நாள் சோறும் போச்சு. இதனாலேயே குப்பை வண்டியை அந்தத் தெருவுக்குப் பதினோரு மணிக்கு மேல்தான் விடுவார் அப்பா. நான் குனிந்து, ஓரமாகப் புகுந்து போவேன். கஞ்சி வாசனை ரயில்வரை கூடவே வரும்.

ஒரு நாள் அங்கே கஞ்சி போட்டிருந்தவர் முனிரத்தினம். தெருவே அவரை நைனா என்னும், நானும் அப்படித்தான். பெரிய ரோட்டில் குழாய் உடைந்து அப்பாவின் ஆட்கள் பள்ளம் தோண்டியிருந்தார்கள். அந்த நேரம் பார்த்து மெட்ராஸிலிருந்து ஒரு மந்திரி சாமி கும்பிட வருகிறார். கார் போக இருந்தது இந்தத் தெரு ஒன்றுதான். முன்னால் வந்த ஜீப்பிலிருந்து ஓர் ஆபீசர் குதித்தார்.

“யோவ், அவுருய்யா இத!”

“ஈரமா கீது சார். இப்ப அவுத்தா குடும்பமே பூடும் சார்.”

“அவுக்கறியா, அறுக்கட்டுமா?”

எனக்குத் தாங்கவில்லை. “மலைக்கு வர்றவங்க எல்லாம் நடந்துதான் சார் ஏறுறாங்க. உங்க மந்திரிக்கு என்ன, கால் வலியா?”

“யாரு இந்தப் பொண்ணு?”

“என் பொண்ணுதான்” என்று பின்னாலிருந்து குரல். அப்பா. சைக்கிளிலிருந்து இறங்கி என்னை ஒரு பார்வை பார்த்தார். வீட்டுக் கோணிகள் அவர் கண்ணில் ஓடியது எனக்குத் தெரிந்தது. பிறகு சைக்கிளைத் தெருமுனையில் குறுக்கே நிறுத்தி ஸ்டாண்டு போட்டார்.

“இது பஞ்சாயத்துத் தெருங்க. பாவு காயற வரைக்கும் மூடச் சொல்லி உத்தரவு போட்டிருக்கேன்.”

“எப்பய்யா போட்ட?”

“இப்பதான்.”

மந்திரி வந்தார், விஷயத்தைக் கேட்டார், இறங்கி ஓரமாக நடந்தார். “நூல் மேல யாரும் படாதீங்கப்பா” என்றுகூடச் சொன்னார். அவருக்கு ஒன்றுமில்லை. ஜீப்காரருக்குத்தான் மூஞ்சி செத்துவிட்டது. பின்னாலேயே மாற்றல் உத்தரவு வந்தது, தெற்கே எங்கோ ஓர் ஊருக்கு.

அம்மா கோணிகளை எடுத்தாள். முடிந்தது கதை என்று நான் ரயில் பாஸைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவளோ அத்தனையையும் வாரிக்கொண்டு போய்ப் பின்பக்கம் வெந்நீர் அடுப்பில் திணித்தாள்.

“நீங்க போய்ட்டு வாங்க. நான் வரல. இவ டிகிரி வாங்காம நான் இந்த ஊர விட்டு நகர்றதா இல்ல.”

“எங்கடி தங்குவீங்க? இது கவர்மெண்டு வீடு.”

அதற்குப் பதில் வாசலில் நின்றது. “ஈ.ஓ. சார மாத்தலாம். தெருவயா மாத்திடுவானுங்க? எங்க மாடி காலியா கீது. வாடகைன்னு வாய் தொறந்தீங்க, சண்டதான்” என்றார் நைனா.

அப்பா ஒரு டிரங்குப் பெட்டியோடு தெற்கே போனார். கீழே தறிச் சத்தம், மேலே நான் கெமிஸ்ட்ரி. பாஸ் செய்தேன், முதல் வகுப்பில். மாற்றியவர்கள் யாருடைய விலாசமாவது தெரிந்திருந்தால் மார்க் ஷீட்டை அனுப்பியிருப்பேன்.

பிற்பாடு அந்த வீட்டையே வாங்கினேன். இதை அதே மாடியிலிருந்துதான் எழுதுகிறேன். டவுன் பஞ்சாயத்து நகராட்சி ஆகிவிட்டது. பாவு கட்டிய கம்பங்கள் இல்லை. விடியற்காலையில் கம்பம் கம்பமாகப் பல்பைப் பார்த்துப் போகும் சைக்கிளும் இல்லை.

இப்போது காலை ஏழரை. தெருவின் இரண்டு பக்கமும் கார்கள் நிற்கின்றன. தண்ணீர் லாரி உள்ளே நுழைய முடியாமல் முனையில் ஹாரன் அடித்துக்கொண்டிருக்கிறது.